பழி சுமந்தவரும் பழிக்குத் தப்பியவரும்

நாம் ஆசிரியராகப் பணியாற்றும் பள்ளியிலே மாணவர் மன்றம் ஒன்று உண்டு. வெள்ளிதோறும் மாலையில் கூடும். சென்ற ஆண்டு அங்கே ஒரு பேச்சுப் போட்டி; தலைப்பு, பொறாமை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். துரியோதனனைத் துணைக்கு அழைப்பான், சகுனியைச் சாடுவான் என்று எதிர்பார்த்திருந்தோம். பையன் கடல் கடந்து போய்விட்டான்! "வியன்னா நகரிலே மொசார்ட் என்றோர் இசை மேதை. அவன் புகழ் கண்டு பொறாத சாலியேரி என்பான் நஞ்சூட்டிக் கொன்றான். பொறாமை கொல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?" என்று முழங்கினான். கையொலி அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. நடுவராக வீற்றிருந்தவர் நாம். முதற் பரிசு அவனுக்கே என்று எழுதிக் கொடுத்தோம்.

எழுதிக் கொடுத்த கை நம் கை. ஆதலால் இக்கட்டுரையிலே முதற் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பவரும் நாமே. கல்லூரி நாளிலே 'அமேடியஸ்' என்னும் படத்தைக் கண்டு, கண் கலங்கி, சாலியேரியைச் சபித்துக்கொண்டே விடுதிக்குத் திரும்பியவர் நாம். பையன் சொன்னது நாமும் நம்பியதே. எந்தச் செய்தியையும் ஏன், எப்படி, எவர் சொன்னார் என்று கேட்டுப் பழகு என வகுப்பறையிலே நாள்தோறும் ஓதும் நாம், வெள்ளித்திரை சொன்னதை மட்டும் வேதவாக்காகக் கொண்டுவிட்டோம். போட்டி முடிந்த வாரத்திலேதான் நூலகத்தில் அமர்ந்து, நடந்தது யாது என்று படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க வெட்கம் வளர்ந்தது.

முதலில் படத்தைப் பற்றி ஒரு சொல். 1984ஆம் ஆண்டு மிலோஷ் ஃபோர்மன் இயக்கி வெளிவந்த படம் அது. பீட்டர் ஷாஃபர் எழுதி, 1979இல் லண்டன் மேடையேறிய நாடகத்தின் திரை வடிவம். எட்டு ஆஸ்கர் பரிசுகளை வாரிக்கொண்டது. பிராக் நகரிலே, 1787இல் மொசார்ட்டின் 'டான் ஜியோவானி' முதன்முதலாக அரங்கேறியதே, அதே அரங்கிலே காட்சி எடுத்தனர். மெழுகுத்திரியின் ஒளி, மேனியெங்கும் மின்னும் பட்டு, மாவு தூவிய பொய்முடி, மாளிகையின் மாடம் — எதிலும் குறையில்லை. இசையோ, கேட்டோர் செவியை விட்டு அகலாத இசை. ஆடையிலே மெய், அரங்கிலே மெய், ஆளிலே மட்டும் பொய்!

கதை இது. 1823ஆம் ஆண்டு. கழுத்தை அறுத்துக்கொண்டு பிழைத்த கிழவர் சாலியேரி, பித்தர் விடுதியிலே பாதிரியாரிடம் பாவமன்னிப்புப் போல ஒரு கதை சொல்கிறார். "இசை தா, என் கற்பை உனக்குக் காணிக்கையாக்குகிறேன்" என்று இளமையிலே கடவுளிடம் பேரம் பேசியவராம் அவர். கடவுளோ, அவருக்கு ஆசையை மட்டும் அளித்துவிட்டு, ஆற்றலை எல்லாம் 'கிக்கிக்கீ' என்று சிரிக்கும் ஒரு விடலைப் பிள்ளைக்கு வழங்கிவிட்டாராம். வெகுண்டெழுந்த சாலியேரி கடவுளோடு போர் தொடுக்கிறார். முகமூடி அணிந்து சென்று, இறந்தோர்க்கான இரங்கல் இசை ஒன்றை இயற்றுமாறு மொசார்ட்டைப் பணித்து, அவ்வுழைப்பிலேயே அவரை மாய்த்து, அந்த இசையைத் தன் பெயரில் அரங்கேற்றத் திட்டமிடுகிறார். படத்திலே நஞ்சுக் கிண்ணம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நஞ்சு என்று பையன் சொன்னது அவனாகச் சேர்த்தது. ஆனால் அவன்மீது குறை காண்பது எங்ஙனம்? 'கொன்றேன்' என்று கிழவர் கதறும் கதறலோடு தொடங்கும் படம், பார்த்தவன் நெஞ்சிலே நஞ்சாகத்தானே தங்கும்!

இனி, மெய்யான அந்தோனியோ சாலியேரி எவர்?

1750இல் இத்தாலியின் லெஞாகோ என்னும் ஊரில் பிறந்தவர். தாய் தந்தையை இழந்த சிறுவனை, காஸ்மன் என்னும் இசைவாணர் 1766இல் வியன்னாவுக்கு அழைத்து வந்து, சோறும் இட்டு, கல்வியும் ஈந்தார். அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. காஸ்மன் இறந்தபின் அவருடைய மகளிர்க்கு இசை பயிற்றினார். தம்மிடம் வந்த எத்தனையோ மாணவர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். பேத்தோவன் அவரிடம் பயின்றார், ஷூபர்ட் பயின்றார், சிறுவன் லிஸ்ட் பயின்றான். மிலான் நகரின் பெயர்பெற்ற லா ஸ்காலா அரங்கு 1778இல் திறக்கப்பெற்றபோது, திறப்பு விழாவுக்கு ஒலித்தது சாலியேரியின் இசைநாடகம். 1788 தொட்டு 1824 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், வியன்னா அரசவையின் இசைத் தலைமைப் பதவியில் இருந்தவர். கற்பைக் காணிக்கையாக்கினாராம் படத்திலே! மெய்யான சாலியேரி 1775இல் மணம் புரிந்தார். எட்டுக் குழந்தைகளுக்குத் தந்தையானார். காணிக்கை எங்கே போயிற்றோ!

மொசார்ட்டுக்கும் அவருக்கும் பூசலே இல்லையா? இருந்தது. அதை மறைப்பதும் புரட்டே. 1781இல் வுர்ட்டம்பர்க் இளவரசிக்கு இசையாசிரியர் வேலை காலியாக இருந்தது; மொசார்ட் நாடினார்; சாலியேரிக்குக் கிட்டிற்று. தந்தைக்கு எழுதிய கடிதங்களிலே மொசார்ட் மனம் புழுங்குகிறார், இத்தாலியர் சூழ்ச்சி என்று ஐயுறுகிறார். ஒரே தெருவிலே இரண்டு கடை இருந்தால் இருக்கும் பூசல் அது. ஆயினும் 1785இல் ஒரு பாடகி நோய் நீங்கி மேடை திரும்பியதைக் கொண்டாட, மொசார்ட்டும் சாலியேரியும் கார்னெட்டி என்னும் மூன்றாமவரும் கூடி ஒரு சிறு பாட்டுக்கு இசை அமைத்தனர். காணாமற் போயிற்று என்று கருதப்பட்ட அந்த ஏடு, பிராக் அருங்காட்சியகத்தின் சேமிப்பிலே இருப்பது தெரியவந்து, 2016இல் மீண்டும் இசைக்கப்பெற்றது. 1791 அக்டோபர் 14ஆம் நாள் மொசார்ட் தம் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. இன்று நம் கைக்கு எட்டியுள்ள அவர் கடிதங்களிலே இறுதியானது அது. முன்னாள் மாலை சாலியேரியைத் தம் வண்டியிலே ஏற்றிக்கொண்டுபோய் 'மாயக் குழல்' இசைநாடகத்தைக் காட்டியதையும், தொடக்க இசை முதல் இறுதிப் பாட்டு வரை ஒவ்வொன்றையும் அவர் வாயாரப் புகழ்ந்ததையும் பூரிப்போடு எழுதுகிறார். இதன்பின் ஏழு வாரத்தில் மொசார்ட் மறைந்தார். அவர் மறைந்த ஆண்டிலே பிறந்த இளைய மகன் வளர்ந்ததும், இசை பயில எவரிடம் அனுப்பப்பட்டான்? சாலியேரியிடம்! கணவனைக் கொன்றவனிடம் கைப்பிள்ளையை ஒப்படைப்பாளோ ஒரு தாய்?

பின் இந்தப் பழி எங்கிருந்து முளைத்தது? முதுமையில் மனம் கலங்கி 1823இல் சாலியேரி மருத்துவமனையில் இருந்தபோது, 'நானே கொன்றேன்' என்று பிதற்றினார் என வியன்னாவிலே வதந்தி எழுந்தது. காது கேளாத பேத்தோவனோடு நண்பர்கள் எழுதி உரையாடிய ஏடுகளிலே கூட அந்த வதந்தி பதிவாகியிருக்கிறது. அருகிருந்து பணிவிடை செய்த இருவரோ, அப்படி ஒரு சொல்லும் அவர் வாயினின்று வரக் கேட்டதில்லை என எழுதிக் கையொப்பமிட்டனர். கையொப்பத்தை எவர் கேட்டார்? வதந்திக்கு இறக்கை உண்டு, மறுப்புக்கு ஊன்றுகோல்தானே! 1830இல் உருசியக் கவிஞர் புஷ்கின் அதைச் சிறு நாடகமாக்கினார். அதிலே சாலியேரி நஞ்சே ஊற்றுகிறார். 'டான் ஜியோவானி'யைக் கேட்டுச் சீழ்க்கையடிக்கக் கூடியவன் நஞ்சிடவும் கூடியவனே என்று புஷ்கின் ஒரு குறிப்பிலே வாதிட்டார். பெருங்கவிஞர்தாம், எனினும் இவ்வாதம் எந்த முறைமன்றத்திலும் நிற்குமா? 1898இல் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அந்நாடகத்தை இசைநாடகமாக்கி மேடையேற்றினார். பின்பு ஷாஃபர், பின்பு ஃபோர்மன். ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பழி நூற்று ஐம்பது ஆண்டு வளர்ந்தது.

"கலைஞனுக்குக் கற்பனை உரிமை இல்லையா? வரலாற்று ஏட்டை வாசிப்பதற்கா படம் எடுப்பது?" என்று நண்பர் சிலர் வினவினர். நல்ல வினா. வரலாற்று நாடகம் கண்டு வளர்ந்தவர்கள் நாம். வசனத்துக்கு மயங்கி வீதிவரை அதைச் சொல்லிக்கொண்டே நடந்தவர்கள். கற்பனை கூடாது என்று சொல்ல நமக்கு நா எழாது. மொசார்ட் எப்படிச் சிரித்தார் என்று எவரேனும் எழுதிவைத்துப் போனாரா? நடிகர் ஒரு சிரிப்பைப் படைத்துக்கொள்ளட்டும். ஐந்தாண்டில் நடந்ததை அரை மணியில் அடக்கட்டும். பேசாத இருவரைப் பேசவைக்கட்டும்.

இன்னும் சொல்வோம். அந்தப் படத்தின் தலையாய காட்சி எதுவோ, அதுவே முழுப் பொய். மரணப் படுக்கையிலே மொசார்ட் இரங்கல் இசையைச் சொல்லச் சொல்ல, சாலியேரி எழுதுகிறார். முதலில் கீழ்க்குரல், அதன்மேல் நடுக்குரல், பின் ஊதுகருவி, முழவு, கடைசியிலே நரம்புக் கருவிகளின் கொந்தளிப்பு. ஒவ்வொன்றாய் அடுக்கி, அத்தனையும் சேர்ந்து ஒலிக்கும்போது, கட்டடம் ஒன்று கண்முன்னே எழுவது போலத் தோன்றுகிறது. இது நடந்ததே இல்லை. சாலியேரி அந்த அறையிலே இல்லை. எஞ்சிய இசையை நிறைவு செய்தவர் சூஸ்மாயர் என்னும் துணைவர். ஆயினும் மேலைநாட்டுக் கூட்டிசை எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை, அதன் அரிச்சுவடியும் அறியாத நமக்கு நான்கு நிமிடத்திலே கற்பித்தது அந்தக் காட்சி. அந்தப் பொய்யை நாம் மன்னிக்கிறோம், மன்னிப்பதென்ன, வாழ்த்துகிறோம். கண்ணைத் திறந்த பொய் அது.

நம் வழக்கு வேறொரு பொய்யின்மீது.

மொசார்ட் வாழ்விலே அவரை வாட்டியவர் உண்டா? உண்டு. பெயரோடு உண்டு, பதவியோடு உண்டு. அவர் சால்ஸ்பர்க் பேராயர் கொலரேடோவின் அரண்மனை ஊழியர். ஆண்டுக்கு 450 குல்டன் ஊதியம். 1781இல் பேராயர் வியன்னா சென்றபோது இசைவாணரையும் பரிவாரத்தோடு வரவழைத்தார். அங்கே மொசார்ட்டுக்கு உணவு எங்கே தெரியுமா? பணியாட்களின் பந்தியிலே! ஆடை எடுத்துக் கொடுக்கும் ஏவலருக்குக் கீழே, சமையற்காரருக்கு மேலே தமக்கு இடம் என்று அவரே தந்தைக்கு எழுதுகிறார். ஐரோப்பிய மன்னர் மடிகளிலே சிறுவனாய்த் தவழ்ந்தவர், இருபத்தைந்து வயதிலே பந்தியின் எந்த வரிசையில் அமரலாம் என்று ஒருவன் விதிக்க, அமர்ந்து உண்டார். பந்தியிலே வரிசை வகுப்பதன் பொருள் என்ன என்பதை இந்த ஏட்டின் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விலகல் கடிதம் நீட்டினார். வாங்க மறுத்தனர். இறுதியில் 1781 சூன் திங்களில், பேராயரின் அலுவலர் ஆர்கோ பிரபு அவரைப் பின்புறத்திலே உதைத்து வெளியே தள்ளினார்.

அந்த உதை படத்திலே இல்லை! பேராயர் வருகிறார், முகம் சுளிக்கிறார், போகிறார். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்திலே, உலகப் புகழ் இசைவாணன் ஒருவன் ஏவலாளாகக் கருதப்பட்டு உதைபட்ட அந்த ஒரு நொடிக்கு இடமில்லை. பொறாமைக்கு இடம் உண்டு, புழுக்கத்துக்கு இடம் உண்டு, கடவுளோடு கட்டிப் புரளும் தத்துவத்துக்கு இடம் உண்டு.

உதைபட்டு வெளியேறியவர், ஒரு பிரபுவின் சோற்றை நம்பாமல் வியன்னாவிலே தம் உழைப்பால் வாழ முனைந்தார். மாணவர்க்குக் கற்பித்தார், சீட்டு விற்று இசையரங்கு நடத்தினார். 1787 இறுதியிலே அரசவையில் ஒரு பதவி கிட்டிற்று. அதே பதவியில் முன்பிருந்த குளூக்குக்கு ஊதியம் 2000 குல்டன், மொசார்ட்டுக்கு 800. குறைத்தது எவர்? சாலியேரியின் பொறாமையா, அரண்மனையின் கணக்கா? மற்றும் ஒன்று. இசைவாணர் இறந்தால் கைம்பெண்ணுக்கும் பிள்ளைகட்கும் உதவித்தொகை வழங்கும் சங்கம் ஒன்று வியன்னாவில் இருந்தது. காஸ்மன் தொடங்கியது, சாலியேரி பல்லாண்டு பேணியது. மொசார்ட் 1785இல் அதிற் சேர விண்ணப்பித்தார். பிறப்புச் சான்று கொணர்க என்றனர். அவர் கொணரவில்லை, விண்ணப்பம் கிடப்பிலே போடப்பட்டது. சான்றிதழ் ஒன்று இல்லாத குறையால் ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு பறிபோனது. இதைப் படம் எடுப்பவர் எவருமில்லை. கோப்பிலே கிடக்கும் கொடுமைக்கு முகமூடியும் கறுப்பு அங்கியும் இல்லையே!

இதனினும் பெரிய புரட்டு, அந்த இரங்கல் இசையைப் பற்றியது. அதை மெய்யாகவே ஒரு தூதன் வழி, தன் பெயரை மறைத்துக் கேட்டவன் ஒருவன் இருந்தான். வால்செக் பிரபு என்பது அவன் பெயர். 1791 பிப்ரவரியில் இளம் மனைவியை இழந்தவன். பிறர் இயற்றிய இசையைப் பொருள் கொடுத்து வாங்கி, தன் கையாலே படியெடுத்து, தான் இயற்றியதாகக் காட்டிக்கொள்வது அவன் வழக்கம். மொசார்ட்டின் இறுதி இசையையும் அவ்வாறே தன்னுடையதாக்கி, 1793இல் தானே நின்று நடத்தினான்.

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். உழைத்தவன் பெயரை அழித்து, உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவன் ஒரு பிரபு. படம் அந்தப் பிரபுவைத் துடைத்துவிட்டது. அவன் செய்த திருட்டை அப்படியே எடுத்து, இன்னொரு உழைப்பாளியின் தலையிலே, எட்டுப் பிள்ளை பெற்று இலவசமாய்ப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் தலையிலே, கட்டிவிட்டது! பட்டம் தப்பிற்று, பணம் தப்பிற்று, பாட்டு வாத்தியார் அகப்பட்டார். இதைக் கலைஞனின் உரிமை என்று எப்படி ஒப்புவது? இது சாட்சியைக் குற்றவாளியாக்கிய வழக்கு. கல்வியும் கலையும் மாளிகை வாயிலிலே கை கட்டி நின்ற ஒரு காலத்தின் கதையை, இரண்டு தொழிலாளிகளின் தனிப்பட்ட சண்டையாகச் சுருக்கிய கற்பனை இது. நாம் எதிர்ப்பது இந்தச் சுருக்கத்தை.

மன்னர் இரண்டாம் ஜோசப்பின் நிலையும் இரங்கத்தக்கதே. படத்திலே அவர் கொட்டாவி விடும் கோமாளி. மெய்யான ஜோசப் முடிமன்னர்தாம்; எதேச்சாதிகாரிதாம். 'ஃபிகாரோ' நாடகத்தை 1785இல் மேடையேறாது தடுத்தவரும் அவரே, மறு ஆண்டு மொசார்ட்டின் இசையோடு அதை அனுமதித்தவரும் அவரே. அவர்தாம் 1781இல் பண்ணையடிமை முறையை ஒழிக்க ஆணையிட்டார். பிற சமயத்தார்க்கு வழிபாட்டு உரிமை வழங்கினார். நூற்றுக்கணக்கான மடங்களை இழுத்து மூடினார். 1784இல் ஒரு வேடிக்கையான ஆணையும் பிறப்பித்தார். பிணத்தோடு பெட்டியையும் பட்டையும் புதைப்பது வீண். அடிப்பலகை திறக்கும் பொதுப் பெட்டியிலே கொண்டுபோய், சாக்கிலே இட்ட உடலை மட்டும் குழியிலே இறக்குங்கள் என்றார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1785 தொடக்கத்திலேயே பின்வாங்கினார். இழவிலே சிக்கனம் சொல்லி வென்ற சீர்திருத்தக்காரர் எந்நாட்டில் உண்டு!

இதை ஏன் சொல்கிறோம்? படத்தின் அடக்கக் காட்சியை நினைவு கூருங்கள். கொட்டும் மழை. பெட்டியின் வாய் திறக்கிறது, சாக்கு மூட்டையாய் மொசார்ட் குழியிலே வீழ்கிறார், மேலே சுண்ணாம்பு. அரங்கம் அழுகிறது. அந்தச் சாக்கு, மொசார்ட் இறப்பதற்கு ஆறாண்டு முன்பே கைவிடப்பட்ட சட்டத்தின் சாக்கு! 1791 டிசம்பரில் அவருக்கு நடந்தது மூன்றாம் வகுப்பு அடக்கம். கட்டணம் 8 குல்டன் 56 கிரைட்சர், வண்டிக்கு 3 குல்டன். வியன்னாவின் பெரும்பான்மைக் குடிமக்களுக்கு நடந்த அதே அடக்கம். சில ஆண்டுக்குப்பின் குழியைத் தோண்டி வேறொருவர்க்குப் பயன்படுத்துவது அக்கால வழக்கம். கல்லறை காணாமற் போனதன் காரணம் அதுவே. மழையும் பொய். அந்நாளில் வியன்னாவில் இருந்த சின்சென்டார்ஃப் பிரபுவின் நாட்குறிப்பு, கடுங்குளிரற்ற பனிமூட்ட நாள் என்கிறது. புயற்கதை 1856இல் ஒரு செய்தித்தாளில் வந்த சரடு. இந்த மழையோடு நமக்குப் பெரும் பகையில்லை. படமெடுப்போர்க்கு இழவென்றால் மழை வேண்டும், பெய்யட்டும்.

படத்தின் பெயரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'அமேடியஸ்' என்றால் கடவுளுக்கு உகந்தவன் என்று பொருள். மொசார்ட் அந்த வடிவைக் கேலிக்காகவே எப்போதேனும் எழுதினார். வழக்கமாய் இட்ட கையொப்பம் 'அமாதே'. பெயரிலே தொடங்கிய கடவுள் படம் நெடுக நிழலாய்த் தொடர்கிறார். மொசார்ட்டின் ஏடுகளைச் சாலியேரி புரட்டிப் பார்க்கிறார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மேலேயிருந்து ஒருவர் சொல்ல இவர் எழுதியது போல! பாமரர் வாய் பிளக்கும் காட்சி. மெய் யாது? மொசார்ட்டின் வரைவுத் தாள்கள், பாதியிலே விட்ட முயற்சிகள் இன்றும் இருக்கின்றன. 1785இல் ஆறு நால்வரிசை இசைகளை ஹைடனுக்குப் படைத்தபோது, நெடிய, கடிய உழைப்பின் பயன் இவை என்று அவரே எழுதினார். கனவிலே முழு இசையும் தானே வந்து நிற்கும் என்று அவர் எழுதியதாக உலவும் கடிதமோ, 1815இல் ரோஹ்லிட்ஸ் என்பவர் வெளியிட்ட போலி. பதினொரு வயதிலே இயற்றியதாகச் சொல்லும் நான்கு பியானோ இசைகள், பிறர் இசையை எடுத்து மாற்றியமைத்த பயிற்சிகள். அவருக்கே உரிய முதற் பெரும் பியானோ இசை என்று வல்லார் போற்றுவதை, 1777இல், இருபத்தொன்றை எட்டும் வயதில் இயற்றினார். அதற்குள் பதினைந்தாண்டுப் பயிற்சி. பக்கத்திலே, வயலின் கற்பிக்க நூலே எழுதிய தந்தை.

அந்தத் தந்தைக்கு ஒரு மகளும் இருந்தாள். நானெர்ல். தம்பியைவிட நான்கரை வயது மூத்தவள். அவனோடு ஊர் ஊராய்ச் சென்று வாசித்து வியப்பை விளைத்தவள். பருவம் எய்தினாள், பயணம் நின்றது. தம்பியும் தந்தையும் இத்தாலி சென்றனர். அவள் சால்ஸ்பர்க்கில் தங்கினாள். கடவுளின் கொடை என்று பேசுவோரை ஒன்று கேட்போம்: கொடை ஆடவர்க்கு மட்டுமா? அல்லது வீட்டுக் கதவைச் சாத்தியது வேறு எவரேனுமா?

இவ்வளவும் எழுதிவிட்டு, நமக்கு இனிக்கும் பொய்யை விழுங்கிவிட்டால் நாம் நடுவர் அல்லர். 2022இல் திரை விழாவிலே காட்டப்பெற்று, மறு ஆண்டு வெளிவந்தது 'ஷெவாலியே' என்னும் படம். குவாதலூப் தீவிலே, அடிமைப் பெண்ணொருத்திக்கும் வெள்ளைப் பண்ணையார்க்கும் 1745இல் பிறந்து, பாரிஸ் நகரின் தலைசிறந்த வயலின் கலைஞரும் இசைவாணரும் வாள்வீரருமாய் உயர்ந்த ஜோசப் பொலோஞின் கதை. அறிந்ததும் நம் நெஞ்சு விம்மிற்று. படம் தொடங்குகிறது: அரங்கிலே மொசார்ட் வாசித்துக்கொண்டிருக்க, கறுப்பு இளைஞன் மேடையேறி, வயலினுக்கு வயலின் மோதி, மொசார்ட்டை மண்கவ்வச் செய்கிறான். கைதட்டத் துடித்தது நம் கை. நடக்காத மோதல் அது! சாலியேரியின் மீது பொய் சொன்னால் சீறுவோம், மொசார்ட்டின் மீது பொய் சொன்னால் கைதட்டுவோம் என்றால், நம் நேர்மைக்கு நிறம் இருக்கிறது என்று ஆகிவிடாதா? அவர் பெருமைக்கு இந்தப் பொய்யான வெற்றி தேவையே இல்லை. ஹைடனின் பாரிஸ் சிம்பொனிகளை முதலில் இசைத்த குழுவை நடத்தியவர் அவர். புரட்சியின்போது கறுப்பர் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

அந்தப் படத்திலே வேறொன்று நம்மை மேலும் வருத்திற்று. 1776இல் பாரிஸ் இசைநாடக அரங்கின் தலைமைக்கு அவர் பெயர் அடிபட்டபோது, அங்கிருந்த பெண் கலைஞர் சிலர் அரசியிடம் முறையிட்டனர்: கலப்பினத்தான் ஒருவனின் ஆணைக்குக் கீழ்ப்படியத் தங்கள் மானம் இடந்தராது என்று. பதவி கைநழுவிற்று. இது வரலாறு. படமோ, அம்முறையீட்டை எழுப்பிய நடனமாது கிமார், அவரிடம் காதல் கேட்டு மறுக்கப்பட்டவள் என்று ஒரு கதை கட்டுகிறது! நிறவெறியைக் காதல் தோல்வியாக்கியாயிற்று. அவள் ஆசை நிறைவேறியிருந்தால் அரங்கு அவருக்குக் கிடைத்திருக்குமா? 1777இல் கறுப்பர் பிரான்சில் கால் வைப்பதையே தடுத்த ஆணை, 1778இல் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடை செய்த சட்டம் — இவையும் எவளோ ஒருத்தியின் ஏமாற்றத்திலே பிறந்தவையா? சாலியேரி படத்திலே செய்த அதே வேலை இங்கும். அமைப்பு செய்த கொடுமைக்கு ஓர் ஆளைத் தேடு. ஆளுக்கு ஓர் ஆசையைக் கற்பி. அரங்கம் ஆளை வைதுவிட்டு அமைதியாய் வீடு திரும்பும். அடிமைக்காகப் பேச வந்த படமே இந்தக் குழியிலே விழுந்ததுதான் கொடுமை.

"இது வரலாறு அன்று, கற்பனை என்று 'அமேடியஸ்' எடுத்தோரே சொல்லிவிட்டனரே" என்பர். சொன்னது உண்மை. பேட்டியிலே சொன்னார்கள், திரையிலே சொல்லவில்லை. பேட்டியைப் படித்தவர் சிலர், படத்தைப் பார்த்தவர் கோடி. மற்றொரு நண்பர் சொன்னதை மட்டும் நம்மால் மறுக்க இயலவில்லை. "அந்தப் படம் வந்திராவிட்டால் சாலியேரியின் பெயரை உமக்கு எவர் சொல்லியிருப்பார்?" என்றார். மெய்தான். படத்துக்குப் பின்தான் அவருடைய இசையைத் தேடி எடுத்துப் பாடத் தொடங்கினர். 2003இல் பாடகி செசீலியா பார்த்தோலி அவர் பாடல்களை மட்டுமே கொண்ட இசைத்தட்டு வெளியிட்டார். செப்பனிட்ட லா ஸ்காலா 2004இல் மீண்டும் திறந்தபோது, 1778இல் ஒலித்த அதே இசைநாடகத்தை ஒலிக்கச் செய்தது. பழியே ஒருவரைப் பாதுகாத்தது என்பது விந்தைதான். ஆயினும், தூக்குமேடையிலே நிறுத்தியதால் ஊருக்கு முகம் தெரிந்தது என்று எவரும் நன்றி சொல்வதில்லை.

பரிசுக்கு வருவோம். பையனுக்குக் கொடுத்த நூலைத் திரும்பக் கேட்கவில்லை; தவறு நடுவருடையது. அவனை அழைத்து, நாம் படித்தவற்றைக் காட்டினோம். நெடுநேரம் பேசாமல் இருந்தான். "ஐயா, அப்படியானால் நான் பொய்யா பேசினேன்?" என்று கேட்டான். "நீ பேசினாய், தம்பி. நாம் மதிப்பெண் போட்டோம்" என்றோம். 1785ஆம் ஆண்டின் அந்தச் சிறு பாட்டைக் கேட்கவைத்தோம். எது மொசார்ட்டின் பகுதி, எது சாலியேரியின் பகுதி என்று மும்முறை கேட்டும் அவனால் பிரித்தறியக் கூடவில்லை. நமக்கும் அப்படியே.

அடுத்த திங்களில் மன்றத்திலே மறுபடி பேச இசைந்தான். இம்முறை முழக்கமில்லை, கையிலே குறிப்புத்தாள். கடிதத்தைச் சொன்னான், கையொப்பத்தைச் சொன்னான், வால்செக் பிரபுவைச் சொன்னான். பேசி முடித்ததும் பின்வரிசையினின்று ஒரு சிறுவன் எழுந்து, "அப்படியென்றால் மொசார்ட்டைக் கொன்றது யார்?" என்று கேட்டான்.

"காய்ச்சல்" என்றான் அவன்.

மன்றத்திலே பலர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.